மெலிந்தவளுக்கு மருந்து, வீங்கியவளுக்குப் பாராட்டு

என் மகளுடைய நோயை முதன்முதலில் கண்டவர்கள் எல்லோரும் அதைப் பாராட்டினார்கள்.

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் ரோஷினியின் கன்னத்தைக் கிள்ளி, "இந்தப் புள்ள நல்லாத் தேறிருச்சு. மத்ததுதான் பாவம், காஞ்சு கெடக்கு" என்றாள். மற்றது என்று அவள் சொன்னது தர்ஷினியை. இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பெண் பிள்ளைகள். முகம், குரல், தலைச்சுழி எல்லாம் ஒன்று. அப்போது அவர்களுக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது.

ரோஷினியின் கன்னத்தில் இருந்தது தண்ணீர். அவளுடைய சிறுநீரகம் கசிந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த பெண்ணுக்கு அது தெரிய நியாயமில்லை. தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கும் தெரியவில்லையே என்பதுதான் இன்று வரைக்கும் என் வயிற்றெரிச்சல்.

இரட்டைப் பிள்ளைகளை வளர்ப்பவர்களும், தன் பிள்ளையின் கண் காலையில் வீங்குகிறதே என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுக்கிறேன். வாசிப்பு, எழுத்து எல்லாம் பிறகு நானாகப் பிடித்துக்கொண்டது. கடையில் நிற்பதில் ஒரு சுகம் உண்டு. சிங்களவர், முஸ்லிம்கள், நம் ஆட்கள் என்று நாள் முழுக்க யாராவது வந்து ஏதாவது பேசிவிட்டுப் போவார்கள். நல்ல பேச்சு காதில் விழுந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணவருக்குச் சொல்லிச் சிரிப்பேன். மனிதர்களின் வாய் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த வாய்களாலேயே இவ்வளவு பட்டோம் என்பதுதான் வேடிக்கை.

இரட்டைப் பிள்ளைகள் பிறந்துவிட்டால் அவர்கள் ஊருக்குப் பொதுவாகிவிடுகிறார்கள். "எது அசல், எது போட்டோகொப்பி?" என்பார் காய்கறிக் கடைக்காரர். "ஒரு டிக்கட் போதுமா, அக்கே?" என்பான் சிங்கள பஸ் கண்டக்டர். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தாய்மார் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மூக்கையும் காதையும் ஒப்பிட்டு வித்தியாசம் தேடுவார்கள். எனக்கும் அதில் பெருமைதான். ஒரே துணியில் இரண்டு சட்டை, ஒரே நிறத்தில் இரண்டு ரிப்பன். கடையில் புதுப் பூத்துணி வந்தால் முதலில் இரண்டு துண்டு என் பைக்குள் போகும்.

அப்படி ஒரே அளவில் தைத்த பள்ளிச் சீருடையில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. ஒருத்தியுடையது இடுப்பில் இறுகியது. மற்றவளுக்கு அதே சட்டை அப்படியே நின்றது. ரோஷினி காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் வளையல் போட்டதுபோல் பள்ளம் விழுந்திருந்தது. காலையில் எழும்பும்போது கண் இமை இரண்டும் புடைத்திருக்கும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும்.

"ஏங்க, இவ கண்ணப் பாருங்களேன்" என்று கணவரிடம் சொன்னேன். அவருக்குப் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. காலையில் வீட்டுக்கு வரும்போது அவருடைய கண்ணே வீங்கித்தான் இருக்கும்.

"தூக்கம் பத்தாதுடி. நல்லாத்தானே இருக்கா? தர்ஷியப் பாரு, அவதான் எலும்பா இருக்கா."

எல்லோரும் சொன்னது இதையேதான். பிலிமத்தலாவையில் இருந்து வந்த என் நாத்தனார் இன்னும் ஒருபடி மேலே போனார். இரண்டு பேரையும் கதிரையில் சேர்த்து உட்கார வைத்து, ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கு வந்து என்னிடம் கேட்டார்:

"ஏன் புள்ள, ஒருத்திக்கு மட்டுந்தான் சோறு போடுறியா?"

"என்னா அண்ணி இப்படிக் கேக்குறீங்க?"

"கண்ணு தெரியுதில்ல எனக்கு? ஒண்ணு பூசணிக்கா மாதிரி, ஒண்ணு முருங்கக்கா மாதிரி. ரெண்டும் ஒரே வயித்துல ஒரே நேரம் கெடந்ததுங்க. சாப்பாடு ஒரே மாதிரி விழுந்தா ஒடம்பும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?"

அவர் கெட்டவர் இல்லை. அன்று கொண்டுவந்த நாட்டு முட்டை முழுவதையும் தர்ஷினிக்கே அவித்துக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்று வாயை மூடினால் மூக்கைப் பிடித்து ஊட்டினார். ஒரு நோவும் இல்லாத பிள்ளை அழுது அழுது முட்டை தின்றது. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டிச் சிரித்தாள்.

கேட்டுக்கொண்டே இருந்தால் எதையும் நம்பத் தோன்றும். ஆனாலும் அந்தக் காலுறைப் பள்ளம் என்னை விடவில்லை. கடைக்குப் பக்கத்தில் இருந்த தனியார் டொக்டர் ஒருவரிடம் இருவரையும் கூட்டிப் போனேன்.

"டொக்டர், இவளுக்குக் காலையில கண்ணு வீங்குது" என்று ரோஷினியை முன்னால் தள்ளினேன்.

அவர் அவளைத் தனியாகப் பார்க்கவே இல்லை. "அட, ட்வின்ஸா! ரெண்டு பேரையும் சேர்த்து நிறுத்துங்க பார்ப்போம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு குதூகலம். நிறுத்தினேன். இருவரையும் தராசில் ஏற்றினார். ரோஷினி கிலோக் கணக்கில் கூடுதலாக இருந்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமில்லை, அம்மா. நல்ல வெயிட். நீங்க கவலைப்பட வேண்டியது மத்தப் பிள்ளையைப் பத்தி. பூச்சி இருக்கும்."

"இல்ல டொக்டர், எனக்குப் பயம் இவளப் பத்தித்தான்."

"நீங்களே ஆளை மாத்திச் சொல்றீங்களோ?" என்று சிரித்தார். மருந்து கொடுக்கும் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். டொக்டர் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டும் என்றுதானே நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

தர்ஷினிக்குப் பூச்சி மருந்தும் ஒரு போத்தல் டொனிக்கும் கிடைத்தன. டொனிக் இனிப்பு என்பதால் தனக்கும் வேண்டும் என்று ரோஷினி ஒரு வாரம் சண்டை போட்டாள். அந்தத் தராசு காட்டிய கூடுதல் எடை அவ்வளவும் தண்ணீர். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒற்றைப் பிள்ளையாக இருந்திருந்தால் எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் இன்னொரு பிள்ளை நின்றதுதான் என் பிள்ளை செய்த குற்றம்.

பிறகு ஒரு காலை ரோஷினியால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வயிறு பானைபோல் நின்றது. சிறுநீர் கொஞ்சமாகப் போனது, போனதும் சவர்க்காரம் கரைத்ததுபோல் நுரைத்தது. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சேலையை மாற்றினேன்.

"ரெண்டையும் கூட்டிட்டுப் போ. பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தானே டொக்டருக்கு வித்தியாசம் தெரியும்" என்றார் கணவர்.

"ரெண்டையும் கூட்டிட்டுப் போனதாலதாங்க இவ்வளவு நாள் தெரியாமப் போச்சு. இன்னைக்கு இவ மட்டும் வரட்டும்."

கண்டியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பிள்ளையைப் பார்த்த இளம் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். ரோஷினியின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலை வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தார். குழைத்த மாவில் விரல் வைத்ததுபோல் பள்ளம் அப்படியே நின்றது.

"எப்ப இருந்து அம்மா பிள்ளைக்கு முகம் அதைக்கத் தொடங்கினது?"

வீங்குவதை அவர்கள் அதைப்பு என்பார்கள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். இரட்டைப் பிள்ளை, முட்டை, தராசு, டொனிக் எல்லாம். அவர் சிரிக்கவில்லை.

"கூட நிண்ட பிள்ளையை வச்சு இந்தப் பிள்ளையை அளந்திருக்கினம். அதுதான் பிழையாப் போச்சு" என்றார்.

நோயின் பெயர் நெஃப்ரோடிக் சின்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி தளர்ந்து, இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியே போவது; புரதம் குறைந்ததும் தண்ணீர் இரத்தக் குழாயில் தங்காமல் உடம்பெங்கும் ஊறும்). சிறு பிள்ளைகளுக்கு வருவதுண்டு என்றார். பெரும்பாலான பிள்ளைகள் மாத்திரைக்கு அடங்குவார்கள், ஆனால் நோய் திரும்பத் திரும்ப வரக்கூடும், வளர வளர விட்டுப் போகும் என்று நம்பலாம் என்றார். "பயப்படாதேங்கோ. ஆனா கவனமா இருக்க வேணும்." அந்த இரண்டு வசனத்துக்கு நடுவில்தான் நாங்கள் இன்று வரை குடியிருக்கிறோம்.

ஸ்டீரொய்ட் மாத்திரை (உடம்பு தன்னையே எதிர்த்துப் போடும் சண்டையை அடக்கும் மருந்து) தொடங்கினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு கிழமை தாண்டியதும் தண்ணீர் வடிந்தது. வடியும்போது பார்க்க வேண்டும்! அடியில் இருந்தது தர்ஷினியை விட ஒல்லியான பிள்ளை. வார்டுக்குப் பார்க்க வந்த நாத்தனார் மார்பில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, ஆஸ்பத்திரியில சாப்பாடே குடுக்கலையா? எப்படி இருந்த புள்ள!" என்று அழுதார். நோய் தீர்வதைப் பார்த்து அழுத ஆளை நான் அன்றுதான் கண்டேன். பையைத் திறந்து கருவாட்டுப் பொரியல் வேறு எடுத்தார். பக்கத்துக் கட்டில் சிங்களத் தாய் உப்பு, உப்பு என்று சைகை காட்டித் தடுத்தாள்.

தர்ஷினியை அந்த நாட்களில் பிலிமத்தலாவையில் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். பிறந்ததிலிருந்து அவள் தனியாகப் படுத்ததில்லை. அங்கே வந்து போன ஒவ்வொருவரும் அவள் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வி, "உனக்கும் இப்படி வந்துருமோ?" ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள். பிஸ்கட் வாங்கி வந்தவர்கள். ஒரு பிள்ளையின் நோயை இன்னொரு பிள்ளைக்குச் சாத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

டொக்டர் தர்ஷினியின் சிறுநீரையும் சோதித்தார். சுத்தமாக இருந்தது. "ஒரே மாதிரிப் பிறந்தா ஒரே வருத்தம் வரவேணும் எண்டு இல்லை, அம்மா. இவவுக்கு இவவின்ர உடம்பு" என்றார். நோயை அவர்கள் வருத்தம் என்பார்கள். சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டிய பேச்சு.

வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு காலையும் ஒரு சோதனை உண்டு. முதல் சிறுநீரைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பிடித்து, கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கிளினிக்கில் கொடுத்த அமிலத்தைச் சொட்டாக விட வேண்டும். தெளிவாக நின்றால் நல்லது. கலங்கி வெளுத்தால் புரதம் போகிறது. தொடர்ந்து சில நாள் வெளுத்தால் நோய் திரும்பிவிட்டது (இதை ரிலாப்ஸ் என்பார்கள்), உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்ய எந்தப் படிப்பும் வேண்டாம். அடுப்படி ஜன்னல் வெளிச்சம் போதும்.

மாத்திரை ரோஷினியின் முகத்தை உருட்டிவிட்டது. பசி தாங்க மாட்டாள், கோபம் மூக்கின் மேல் நிற்கும். "இப்பத்தான் ஒங்க புள்ளைங்கள அடையாளம் கண்டுபிடிக்க லேசா இருக்கு" என்று ஒரு டீச்சர் சந்தோஷப்பட்டார். வகுப்பில் குண்டு ரோஷினி, ஒல்லி தர்ஷினி என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தது பிள்ளைகள், சிரித்து அதை நிலைக்க வைத்தது பெரியவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொன்னேன்: "டீச்சர், அது மருந்து போட்ட முகம். அதுக்குப் பேர் வைக்காதீங்க." "பிள்ளைங்கதானே, அம்மா" என்றார். பிள்ளைகள்தான். பட்டதும் பிள்ளைதான்.

முதல் ரிலாப்ஸ் வந்தபோது குழாயிலேயே கண்டுபிடித்தோம். ஆனாலும் வீக்கம் கூடி வார்டில் தங்க வேண்டி வந்தது. கையில் ஊசிக்கு நரம்பு பிடிபடாமல் இரண்டு மூன்று இடத்தில் குத்தினார்கள். ரோஷினி போட்ட சத்தம் வெளி வராந்தா வரை கேட்டது. அங்கே தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு தர்ஷினி நின்றாள். அவள் காதைப் பொத்தவில்லையாம், அழவும் இல்லையாம். கேட்டுக்கொண்டே நின்றாளாம். இதைக் கணவர் எனக்கு வெகு நாளைக்குப் பிறகுதான் சொன்னார்.

அடுத்த பருவ விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய நேரம். குழாய் ஒவ்வொரு காலையும் மழை இல்லாத மாதத்து மகாவலி ஆற்றுத் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. ஆனால் ரோஷினியின் இமை கொஞ்சம் புடைத்ததுபோல் எனக்குப் பட்டது. மாத்திரை முகம்தானே என்று கணவர் சொன்னார். குழாயும் அதையே சொன்னது. கண்ணை விடக் குழாய்க்குத்தானே மதிப்பு?

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ரோஷினிக்குக் காய்ச்சல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ஆட்டோ பிடித்து நேரே வார்டுக்குப் போனோம். வயிற்றில் கை வைக்க விடவில்லை அவள். அங்கே எடுத்த சிறுநீர் தயிராகத் திரண்டது.

"காலமை வீட்டில பார்த்தனீங்களோ?" என்று கேட்டார் யாழ்ப்பாணத்து டொக்டர்.

"பாத்தேன் டொக்டர். தண்ணி மாதிரி இருந்துச்சு."

"நேற்று?"

"நேத்தும். எல்லா நாளும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் இருந்தது. நோய் பல நாளாகத் திரும்பியிருக்க வேண்டும், வயிற்றில் தேங்கிய தண்ணீரில் கிருமி புகுந்திருக்கிறது, இது விளையாட்டான விஷயமில்லை என்றார். கூட நின்ற வேறொரு டொக்டர், "ட்வின்ஸ் எண்டா அம்மாவுக்கே மாறியிருக்கும்" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மாறாது சேர்! ரெண்டும் முதுகைக் காட்டிட்டு நின்னாலும் எனக்குத் தெரியும். இருட்டுல தொட்டாலும் தெரியும். எத்தன பேர்தான் என்கிட்ட இதச் சொல்லுவீங்க?" வார்டே திரும்பிப் பார்த்தது. நரம்பு வழியாகக் கிருமிக்கு மருந்து ஏறத் தொடங்கியது. பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. அவள் பிழைப்பாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

மறுநாள் பின்னேரம் கணவர் தர்ஷினியைக் கூட்டி வந்தார். நாத்தனாரும் வந்தார். தர்ஷினி வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வா என்றால் வரவில்லை. நான் வெளியே போனேன். வராந்தாச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பார்வையைத் தரையில் வைத்துக் கேட்டாள்:

"ரோஷி செத்துருவாளா?"

"இல்லடி. மருந்து போகுதில்ல? நல்லாயிருவா."

"நா குடுத்தது சரியில்லையாம்மா?"

"என்னா குடுத்த?"

"மூத்திரம்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். ஒருநாள் காலையில் ரோஷினியின் கிண்ணத்தில் நுரை நின்றதாம். இனி ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஊசி குத்துவாங்க என்று ரோஷினி கக்கூசுக்குள்ளேயே அழுதாளாம். தர்ஷினி அதைக் கொட்டிவிட்டுத் தன்னுடையதைப் பிடித்து என் கையில் கொண்டுவந்து கொடுத்தாளாம். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும். பள்ளிக்கூட அவசரத்தில் கிண்ணம் யார் கையில் வருகிறது என்று நான் பார்த்ததில்லை. என் பிள்ளைகள் எனக்கு மாறவில்லை. பிள்ளைகள்தான் கிண்ணத்தை மாற்றினார்கள்.

"ஏண்டி இப்படிச் செஞ்ச?"

"என்னோடது நல்லா இருக்குனு டொக்டர் சொன்னாங்கதானே? ரெண்டு பேரும் ஒண்ணுதானே? எல்லாரும் சொல்றாங்க. அத்தையும் சொல்லுவாங்க. அப்ப என்னோடதக் குடுத்தா அவளுக்கும் நல்லாத்தானே இருக்கும்?"

ரப்பர் இல்லாத தங்கச்சிக்குத் தன் ரப்பரைக் கொடுத்ததுபோல் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை.

பக்கத்தில் நின்ற மருத்துவத் தாதியும் ஒரு தாயும் சிரித்துவிட்டார்கள். "என்னா மூளை பாருங்க!" என்றார் நாத்தனார், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. அவரும் சிரித்தார். அப்போதுதான் எனக்குள் பல நாளாகக் கிடந்தது வெளியே வந்தது.

"சிரிக்காதீங்க அண்ணி! யாரும் சிரிக்காதீங்க! அசல், நகல், ஒரு டிக்கட், ஒரு வயிறுன்னு பொறந்த நாள்லருந்து சொல்லிச் சொல்லி இதுங்க நம்பிருச்சுங்க. நமக்கு அது பேச்சு. இதுங்களுக்கு அது உண்மை. ஒண்ணு உள்ள வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கு. இது இங்க நான் குடுத்தது சரியில்லையானு கேக்குது. இனிமே எங்க வீட்டுல 'ரெண்டும் ஒண்ணு'ன்னு யாராவது வாயத் தொறந்தா, நா மரியாதை பாக்க மாட்டேன்!"

நாத்தனாரிடம் நான் அதுவரை குரல் உயர்த்தியதில்லை. கணவர் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டார். ஏழு வயதாகப் போகிற பிள்ளை, கால் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

டொக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நான் உங்களைச் சந்தேகப்பட்டுட்டன். குறை நினைக்காதேங்கோ" என்றார். ஒரு டொக்டர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கே மாறியிருக்கும் என்ற மற்ற டொக்டர் வேறு கட்டிலைப் பார்க்கப் போயிருந்தார்.

ரோஷினி தேறினாள். காய்ச்சல் இறங்கியது, வயிறு இளகியது, ஒரு காலை ரொட்டி வேண்டும் என்று சண்டை போட்டாள். தேங்காய்ச் சம்பலில் உப்பு இல்லை என்று இன்னொரு சண்டை. அந்தச் சண்டையைக் கேட்க நான் எதையும் கொடுத்திருப்பேன்.

இதை வாசிக்கும் தாய்மாருக்கு என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிள்ளையின் கண் காலையில் வீங்கினால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், கேட்டது கிடைக்கும் வரை கதிரையை விட்டு எழும்பாதீர்கள். இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி இந்தப் பிள்ளையை அளக்க விடாதீர்கள். அளக்க வேண்டுமென்றால் நேற்றைய அவளோடு இன்றைய அவளை அளந்து பாருங்கள். கூடப் பிறந்த பிள்ளை, நோய் இல்லாத பிள்ளை, அதற்கும் ஒரு பயம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதையும் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

தர்ஷினிக்குப் புரிய வைக்க மாதக் கணக்கில் ஆனது. "ஒன் கால்ல முள்ளு குத்துனா ரோஷி நொண்டுவாளா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அழுவா" என்றாள். "அழலாம். நொண்ட முடியாது" என்றேன். பிள்ளைகளை வேறு வேறு வகுப்பில் போடச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, பாவம், பிரிக்காதீங்க என்று எனக்கே புத்தி சொன்னார்கள். பிரித்துத்தான் வைத்தேன். கடையிலிருந்து இப்போது ஒரு துணியில் ஒரு துண்டுதான் வெட்டி எடுக்கிறேன். ரோஷினிக்கு மஞ்சள் பிடிக்கும் என்பதே எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது.

இந்த மழைக்காலத்தில் ஒரு காலை, ரோஷினி தானே கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். இப்போதெல்லாம் யாரையும் தொட விடமாட்டாள். குழாயில் ஊற்றி அமிலத்தைச் சொட்டினேன். ஹந்தானை மலையில் பனி இறங்குவதுபோல் வெள்ளை மெல்லக் கீழே இறங்கியது. அது மூன்றாவது காலை. சந்தேகத்துக்கு இடமில்லை.

தர்ஷினி கதவருகே பல் துலக்கிக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. வாயில் நுரையோடு ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். ரோஷினி குழாயை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்னோடது" என்றாள். அழவில்லை. "இன்னைக்கே டொக்டர்கிட்டப் போவோமா?"

கெட்ட செய்தி ஒன்று என்னை அப்படித் தைரியப்படுத்தும் என்று நான் நினைத்ததில்லை. அந்தக் கலங்கல் அவளுடைய உடம்பு சொன்ன உண்மை. ஊசிக்குப் பயந்த பிள்ளை அதைத் தன் கையால் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். வீக்கம் வருமுன்பே மாத்திரை தொடங்கியது, வார்டில் தங்க வேண்டி வரவில்லை. இன்னும் வரும் என்கிறார்கள். வரட்டும், அவள் சொல்லுவாள்.

முன்பெல்லாம் இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைத்தான் நான் வாழ்ந்தேன். ஒரே நேரத்தில் எழுப்பி, ஒரே நேரத்தில் ஊட்டி, ஒருத்தி இருமினால் இருவருக்கும் மருந்து ஊற்றி. இப்போது எங்கள் வீட்டில் காலை இரண்டு தடவை விடிகிறது. அன்று ரோஷினி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு கண்டி பஸ்ஸுக்கு நின்றாள். எதிர்ப்பக்கத்தில் தர்ஷினி பள்ளிக்கூட வேனில் தனியாக ஏறினாள். பிந்தியதற்கு டிரைவரிடம் திட்டு வாங்கினாள். திரும்பி ஒரு தடவை கையைக் காட்டிவிட்டு, ஜன்னலோர இடத்துக்கு யாரோடோ சண்டை போடத் தொடங்கினாள்.